கொடி பிறக்கும் ஊர்!

சிவில் மக்களே, ஐ.எஸ். 456 என்றால் என்ன? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 'கான்கிரீட்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பீர்கள். டூ வீலர் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151. கேன்டீனில் வாங்கும் தண்ணீர் பாட்டிலின் மேல் உற்றுப் பார்த்தால் ஐ.எஸ். 14543 இருக்கும். ஓகே, இப்போ மேட்டருக்கு வருவோம். ஐ.எஸ். 1 எது?

எங்க கிளாஸ்ல இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஸ்டீல்னு ஒருத்தன் சொன்னான், சிமென்ட்னு இன்னொருத்தன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், 'இட்லி' என்றது. எதுவுமே இல்லை. இந்தியத் தர நிர்ணயங்களின் வரிசையில் நம்பர் ஒன், நம்ம தேசியக் கொடி! இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1947 ஜனவரியில் தொடங்கியது. குடியரசு ஆன மறுவருடம், 1951-ல், கொடிக்கான தரம் வெளியானது. வரிசை எண்ணில் சிமென்ட், ஸ்டீல் எல்லாத்துக்கும் முன்னாடி நிற்பது ஒரு கைத்தறித் துணி.

அந்தத் துணி கொடியாக மாறுகிற இடத்தைப் பார்க்கணும்னு ஆசை வந்தது. விசாரித்தால் டெல்லி இல்லை, மும்பை இல்லை. வட கர்நாடகாவில் ஹூப்ளி. 2014-லிருந்து அதிகாரபூர்வப் பெயர் ஹுப்பள்ளி. வாங்க, போயிட்டு வரலாம்!

நடந்தே கால் வலிக்கும் பிளாட்பாரம்

பெங்களூரில் ராத்திரி ரயில் ஏறினால், விடியும்போது ஹுப்பள்ளி. இறங்கினதுமே ஒரு ஆச்சரியம். இந்த ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் நீளம் 1,507 மீட்டர். 2023 மார்ச்சில் திறந்தார்கள். அதுவரை உலகிலேயே நீளமானது என்ற பெயர் கோரக்பூர் பிளாட்பாரத்துக்கு இருந்தது. இவர்கள் அதைத் தட்டிப் பறித்தார்கள். தப்பான பெட்டியில் ஏறிட்டீங்கன்னா, வெளியே வர்றதுக்குள்ள ஒரு மார்னிங் வாக் முடிஞ்சிடும்.

பசிக்கு கிர்மிட் இருக்கு. பொரியில் வெங்காயம், தக்காளி, புளிக்கரைசல், பொட்டுக்கடலைப் பொடி எல்லாம் போட்டுக் கிளறி, பக்கத்தில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வைத்துத் தருவார்கள். நம்ம ஊர் மசாலாப் பொரிக்கு பெரியப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு ஆட்டோக்காரரிடம் 'பெங்கேரி' என்று சொன்னால் போதும்.

பெங்கேரியில் இருக்கிறது கர்நாடக காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம். வாய்க்குள் நுழைய ஒரு நிமிடம் ஆகும். கதர் சங்கங்களின் கூட்டமைப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். 1957 நவம்பர் 1-ம் தேதி தொடங்கினார்கள். சுமார் 17 ஏக்கர் வளாகம், மரங்கள், பழைய கட்டடங்கள். கொடி தைக்கும் பிரிவு 2000-களின் மத்தியில் வந்தது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு கதர் தேசியக் கொடி செய்யும் இடம் என்று நாடு முழுக்க இதற்குப் பேர். ஜூலையில் போனால் மழைத் தூறலும் ஆகஸ்ட் 15-க்கான அவசரமும் சேர்ந்தே இருக்கும். மெஷின் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும்.

துணிக்கும் டாலரன்ஸ் உண்டு!

நூல் கையால் நூற்கப்படுகிறது. துணி கையால் நெய்யப்படுகிறது. கொடிக்கான துணி தார்வாட் மாவட்டத்தில் கரக் என்ற கிராமத்திலும், பாகல்கோட் பக்கமும் நெய்து வருகிறது. பிறகு வெளுப்பது, சாயம் போடுவது, சக்கரம் அச்சிடுவது, தைப்பது, கடைசியில் கயிறும் மரக்கட்டையும் மாட்டுவது. சொல்லும்போது ஈஸிதான். செய்யும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு விதி உண்டு.

கொடியின் நீளமும் அகலமும் 3-க்கு 2. அளவுகள் மொத்தம் ஒன்பதுதான். பெரியது 6,300-க்கு 4,200 மில்லிமீட்டர், அதாவது 21 அடிக்கு 14 அடி. ஒரு ஹாஸ்டல் ரூமை விரித்து மூடிவிடலாம். சின்னது 150-க்கு 100 மில்லிமீட்டர், மேஜையில் வைப்பது. பெரிய கொடியில் சக்கரத்தின் விட்டம் 1,295 மில்லிமீட்டர். சின்னதில் வெறும் 25. ரெண்டிலுமே ஆரக்கால் 24 இருந்தாகணும், ஒன்று குறைந்தாலும் கொடி இல்லை!

காவி என்றால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு காவி கிடையாது. எந்தக் காவி, எந்தப் பச்சை என்று வண்ண அளவீட்டு எண்களோடு தரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். துணியின் நூல் எண்ணிக்கை, இழுவிசை, வெயிலிலும் தண்ணீரிலும் சாயம் நிற்கிற தன்மை எல்லாத்துக்கும் டெஸ்ட். சக்கரத்தை வெள்ளைத் துணியின் ரெண்டு பக்கமும் அச்சிடணும். முன்பக்க ஆரக்காலும் பின்பக்க ஆரக்காலும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரணும். துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு மயிரிழை விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். வொர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப் பீஸை 0.1 மில்லிமீட்டருக்குள் ஃபைல் பண்ணச் சொன்னால் நாம என்ன புலம்பு புலம்புறோம்? இங்கே நழுவுற துணியில அதைப் பண்றாங்க பாஸ்.

பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பலருக்கு அம்மா வயசு. கன்னடத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'அக்கா'. நல்லவேளை, அது ரெண்டு மொழிக்கும் பொது. "என்னப்பா படிக்கிறே?" என்று ஒரு அக்கா கேட்டார். "எஞ்சினீயரிங்" என்றேன். "அப்படின்னா இந்த மெஷின் மக்கர் பண்ணினா சரி பண்ணுவியா?" என்றார். "தியரி தெரியும்க்கா" என்று சொன்னதும் அந்த வரிசையே சிரித்தது. பதிலுக்கு நானும் ஒன்று கேட்டேன். "ஸ்கூல்ல, ஆபீஸ்ல நீங்க தைச்ச கொடி ஏறுறதைப் பார்த்தா என்ன தோணும்?"

பெருமை, கண்ணீர், சிலிர்ப்பு... இப்படி ஏதாவது வரும் என்று நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "தையல் நேரா இருக்கான்னு பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை மெஷினுக்குள் கொடுத்தார்.

ஒரு கிலோமீட்டர் நூல், ஒரு டீ

இனி கொஞ்சம் சீரியஸ். கதர் உலகத்தில் நூலை 'சிட்டம்' கணக்கில் அளக்கிறார்கள். ஒரு சிட்டம் என்பது 1,000 மீட்டர் நூல், சரியாக ஒரு கிலோமீட்டர். ராட்டையில் நூற்கிறவருக்கு ஒரு சிட்டத்துக்கு என்ன கூலி தெரியுமா? 2023 மார்ச் வரை 7 ரூபாய் 50 காசு. அந்த ஏப்ரலில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை 10 ரூபாய் ஆக்கியது. 2024 அக்டோபர் 2 முதல் 12.50. 2025 ஏப்ரல் 1 முதல் 15 ரூபாய். சில மாநில அரசுகள் மேற்கொண்டு கொஞ்சம் ஊக்கத்தொகை சேர்த்துத் தருகின்றன.

ரெண்டு வருஷத்துல ரெண்டு மடங்கு ஆகியிருக்கு, நல்ல விஷயம்தான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருவர் ஒரு நாளில் 20 சிட்டம் நூற்கிறார் என்று வைத்துக்கொண்டால், அது 20 கிலோமீட்டர் நூல். கூலி 300 ரூபாய். ஒரு கிலோமீட்டர் நூலுக்கு நம்ம காலேஜ் வாசலில் ஒரு டீ கிடைக்கும், வடை கிடைக்காது.

1921-லிருந்தே கொடியில் ராட்டை வேண்டும் என்று பேசியவர் காந்தி. தன் சட்டையைத் தானே நெய்துகொள்ள முடிகிற நாடு எவனுக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். 1947 ஜூலை 22-ம் தேதி அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றுக்கொண்டபோது ராட்டைப் படம் போய், சாரநாத் தூணின் சக்கரம் வந்தது. ஆனால் அந்தத் தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். நடுவில் உள்ள சக்கரம் ராட்டையைக் குறிக்கிறது என்றுதான் அதில் இருக்கிறது. அதாவது, கொடியின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு வேலைக்கருவி. ராட்டையின் வாரிசு நடுவில் இருக்கு. ராட்டை சுற்றுகிறவர் எங்கே இருக்கிறார்?

அதே பெங்கேரியில் 225-க்கு 150 மில்லிமீட்டர் கொடியும் தைக்கிறார்கள். அது கார்களுக்கானது. எல்லார் காரிலும் கட்ட முடியாது; ஜனாதிபதி, பிரதமர், கவர்னர், அமைச்சர் என்று கொடி விதிகளில் ஒரு பட்டியலே உண்டு. அந்தக் கொடியைத் தைத்த அக்கா ஷிப்ட் முடிந்து டவுன் பஸ் பிடிக்கிறார். இதில் யார் மேலும் கோபப்பட ஒன்றும் இல்லை. கவனிக்க மட்டும் இருக்கிறது.

25 ரூபாய்க் கொடி

உங்களில் பலர் கேட்பீர்கள், 'எங்க வீட்டுல பறந்த கொடி பளபளன்னு இருந்துச்சே, அது கதரா?' என்று. இல்லை. 2002 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த கொடி விதிகள், கொடி கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் இருக்கணும் என்றன. 2021 டிசம்பர் 30-ம் தேதி அது திருத்தப்பட்டது. மெஷினில் செய்த துணியும் பாலியஸ்டரும் ஓகே ஆனது. 2022 ஆகஸ்டில் வீடுதோறும் கொடி இயக்கம் வந்தபோது, போஸ்ட் ஆபீஸிலேயே ஒரு கொடி 25 ரூபாய்க்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய மாதம் பெங்கேரியில் கதர்க்காரர்கள் போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேள்வி எளிமையானது. 'பாலியஸ்டர் கொடி வந்தா எங்க ராட்டைக்கு என்ன வேலை?'

இந்த இடத்தில் நான் ரெண்டாகப் பிரிந்து நிற்கிறேன். நீங்களும் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு பக்கம் பாருங்கள். 2002-க்கு முன்னால் சாதாரண ஆளுக்குக் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும்தான் கொடி ஏற்ற அனுமதி. நவீன் ஜிண்டால் என்ற தொழிலதிபர் தன் தொழிற்சாலையில் கொடி பறக்கவிடப் போராடி, சுப்ரீம் கோர்ட் வரை வழக்கு போய், 2004 ஜனவரி 23-ல் 'கொடியை மரியாதையோடு பறக்கவிடுவது குடிமக்களின் உரிமை' என்று தீர்ப்பு வந்தது. உரிமை வந்தாச்சு. ஆனால் கொடி விலை பல நூறு ரூபாய் என்றால், அந்த உரிமை யாருக்கு? கூலி வேலைக்குப் போகிற வீட்டில் 25 ரூபாய்க் கொடிதான் கட்டுப்படியாகும். இன்னொன்று, அந்தக் கொடிகளைத் தைத்ததும் தொழிலாளிகள்தான். கோவை, திருப்பூர் பக்கத்துத் தையல் மெஷின்களுக்கும் அந்த சீசனில் வேலை வந்தது. கொடிக்காக 1932-ல் உயிரைவிட்ட குமரனின் ஊரும் திருப்பூர்தான். அங்கே ஓடுகிற மெஷினை 'இது சுதேசி இல்லை' என்று எப்படி ஒதுக்க முடியும்?

மறுபக்கம், மெஷின் கொடிக்கு மார்க்கெட் எங்கும் இருக்கிறது, கதர்க் கொடிக்கு இருந்தது ஒரே ஒரு வேலி. அந்த வேலியை எடுத்தபிறகு, ஒரு கிலோமீட்டர் நூலுக்கு 15 ரூபாய் வாங்குகிறவர் மில்லோடு ரேஸ் ஓடணும். ரிசல்ட் என்னவென்று சொல்ல பிராபபிலிட்டி பேப்பர் பாஸ் பண்ணியிருக்கத் தேவையில்லை. சுயசார்பு என்று நாம் சொல்வது எதை? பொருள் இங்கே தயாராவதையா? இல்லை, அதைத் தயாரிக்கிறவர் அந்தக் கூலியில் சொந்தக் காலில் நிற்க முடிவதையா? ரெண்டும் ஒன்று என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தையல் ஹாலில் ஒரு மணி நேரம் நின்றால் ரெண்டும் வேற வேற என்று தெரியும்.

என்னைக் கேட்டால், 25 ரூபாய்க் கொடி வீடுகளில் பறக்கட்டும். அரசு ஆபீஸ், கோர்ட், யுனிவர்சிட்டி, காலேஜ் மாதிரி பட்ஜெட் இருக்கிற இடங்களாவது கதரை விடக் கூடாது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கும் வசதி உள்ளவர்கள் கொடுக்கணும், அந்தக் காசு ராட்டை வரைக்கும் போகணும்.

இதே ஊர்தான்

ஹுப்பள்ளியைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நகரின் நடுவில் இத்கா மைதானம் இருக்கிறது. அங்கே கொடியேற்றுவது பற்றி 1990-களில் பெரிய தகராறு நடந்தது. 1994 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திர தினத்தன்றே, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. ஆட்டோவில் அந்தப் பக்கமாகப் போனால், இன்றைக்குச் சாதாரணமாக ட்ராஃபிக் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரே ஊரில் ஒரு பக்கம் கொடியை யார் எங்கே ஏற்றுவது என்று சண்டை போட்டு உயிர் போயிருக்கிறது. இன்னொரு பக்கம், கொடியை யார் செய்கிறார்கள் என்று கேட்க ஆளே இல்லாமல் வருஷா வருஷம் கொடி தயாராகிப் போகிறது. கொடியைக் காட்டி 'நீ யார்?' என்று கேட்பதற்கு நமக்கு எப்பவும் ஆள் இருக்கு. 'இதைச் செய்தவர் நல்லா இருக்காரா?' என்று கேட்கத்தான் ஆள் குறைவு. ஒரு நாட்டுக்காரன் என்பதற்கு அடையாளம் இந்த ரெண்டு கேள்வியில் எது என்று கேட்டால், நான் ரெண்டாவதுக்குத்தான் கை தூக்குவேன்.

நம்ம காம்பஸுக்கு வருவோம்

ஹுப்பள்ளி தூரம். நம்ம காலேஜ் பக்கத்தில்தானே இருக்கு? ஒரு கேள்வி கேட்கிறேன், மனசாட்சியோடு பதில் சொல்லுங்க. பிளேஸ்மென்ட்டில் ஏ.சி. ரூம் வேலைக்கும் ஷாப் ஃப்ளோர் வேலைக்கும் ஒரே சம்பளம் என்றால், எத்தனை பேர் ஷாப் ஃப்ளோருக்குப் போவோம்? 'நாலு வருஷம் படிச்சது கையில கிரீஸ் ஆக்கிக்கவா?' என்று வீட்டிலேயே கேட்பார்கள். லேத் ஓட்டத் தெரிந்த லேப் அண்ணனுக்கு நாம் வைக்கிற மரியாதை எவ்வளவு, பி.பி.டி. போடத் தெரிந்த சீனியருக்கு வைக்கிற மரியாதை எவ்வளவு? கையால வேலை செய்கிறவர் ஒரு படி கீழே என்று எந்த சிலபஸிலும் இல்லை. ஆனால் எல்லா செமஸ்டரிலும் அதைத்தான் நன்றாகப் படித்துவிட்டு வெளியே போகிறோம். அப்புறம் ஆகஸ்ட் 15-க்கு ஸ்டேட்டஸில் கொடி வைக்கிறோம். நடுவில் ஒரு ராட்டையின் சக்கரத்தோடு!

எங்கள் காலேஜில் சுதந்திர தினத்துக்கு விடுமுறை என்று பாதிப்பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். என்.சி.சி., என்.எஸ்.எஸ். மக்கள் வரிசையில் நிற்பார்கள். பிரின்சிபால் கயிற்றை இழுத்ததும் கொடி அழகாக விரியும், பூ கொட்டும், எல்லாரும் கை தட்டுவோம். அந்தப் பூவை உள்ளே வைத்து மடித்து, ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுவது வாட்ச்மேன் அண்ணன். முடிச்சு சிக்கினால் விழாவே சிரிப்பாகிவிடும். இதுவரைக்கும் சிக்கியதில்லை. அவர் பேரை யாரும் மைக்கில் சொன்னதில்லை.

அதனால் ஃப்ரெண்ட்ஸ், ஹுப்பள்ளி போக முடிந்தவர்கள் போய்விட்டு வாருங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள், அங்கே அவர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். வரும்போது தார்வாட் பேடா வாங்க மறக்காதீங்க, இருபது கிலோமீட்டர்தான். போக முடியாதவர்கள், அடுத்த கொடியேற்றத்துக்கு முந்தின நாள் உங்கள் காலேஜ் ஆபீஸில் கேட்டு கொடியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கம்பத்தின் பக்கம் தடிமனான ஒரு பழுப்பு வெள்ளைப் பட்டை இருக்கா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா, என்ன துணி, எங்கே வாங்கினார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் கிளாஸ் ரெப்ரசென்டேட்டிவ் சார்பில் பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர், 'அடுத்த கொடி கதரில் வாங்கலாமே சார்?' என்று. நாப்பது பேர் கையெழுத்துப் போட்டால் அட்டெண்டன்ஸ் ஷீட்டை விடக் கனமான பேப்பர் அது.

அப்படியே தையலையும் பாருங்கள். நேராகத்தான் இருக்கும்.